சின்ச்சுவில் ஒரு சின்ன நூடுல்ஸ் கடை: சைவக்காரர் என்ன சாப்பிடுவது?

12 ஆகஸ்ட் 2023

மதுரையிலிருந்து ஒரு தம்பி கேட்டது: "அக்கா, வருகிற பிப்ரவரியில் தைவானில் சின்ச்சுவுக்குப் படிக்க வருகிறேன். பிறந்ததிலிருந்து சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். சீன எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அங்கே தெருவோர நூடுல்ஸ் கடைகளில் நமக்கு எதுவும் ஆகாது, ரொட்டியும் வாழைப்பழமும் வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும் என்று ஒரு சீனியர் சொல்கிறார். அப்படியா?"

12 ஆகஸ்ட், இரவு

அப்படி இல்லை தம்பி. ஏழு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஆய்வகத்திலிருந்து கிளம்பவே எட்டு மணி ஆகிவிடும், அதற்குமேல் அடுப்பு மூட்டத் தெம்பு இருக்காது. வாரத்தில் மூன்று நான்கு ராத்திரி ஒரே கடையில்தான் சாப்பாடு. மொத்தம் ஆறு மேசை. அடுப்பு உள்ளே இல்லை, வாசலில் தெருவைப் பார்த்து இருக்கிறது. கடையை நடத்துவது ஒரு கணவனும் மனைவியும். அவர் நூடுல்ஸ் வேகவைப்பார், அந்தம்மா கிண்ணத்தில் எல்லாம் சேர்த்துக் கொடுப்பார்.

அங்கே போய் 'யாங்சுன் மியென்' என்று கேளுங்கள். மியென் என்றால் நூடுல்ஸ். இருப்பதிலேயே எளிமையானது இதுதான், விலையும் குறைவு, 45 தைவான் டாலர். ஒரு டாலருக்கு நம் ரூபாய் இரண்டரைக்கு மேல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சூப், நூடுல்ஸ், ஒரு கொத்துக் கீரை, நறுக்கிய வெங்காயத்தாள், அவ்வளவுதான். இறைச்சித் துண்டு எதுவும் கிடக்காது. கூடவே ஒரு 'லூ தான்', அதாவது சோயாச் சாற்றில் ஊறிப் பழுப்பேறிய அவித்த முட்டை. ஒரு தட்டு வேகவைத்த கீரை. கண்ணாடிப் பெட்டியில் சின்னச் சின்னத் தட்டுகளில் தோஃபு என்ற சோயாப் பன்னீர்க் கட்டியும் கடல்பாசியும் இருக்கும், நாமே எடுத்துக்கொள்ளலாம். 'பூயாவ் ரோ', இறைச்சி வேண்டாம், என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

(20 ஆகஸ்ட்: இந்தக் குறிப்பை நம்பிச் சாப்பிட வேண்டாம். கீழே படியுங்கள்.)

13 ஆகஸ்ட்

ஆர்டர் எழுதும் சீட்டைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். புதிதாக வருகிறவர்கள் திணறுவது அதில்தான்.

உள்ளே போனதும் யாரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். மேசையிலோ அடுப்பின் பக்கத்திலோ ஒரு சீட்டுக் கட்டும் பென்சிலும் இருக்கும். சீட்டில் பெயர், விலை, ஒரு வெற்றுக் கட்டம். எது வேண்டுமோ அதன் கட்டத்தில் எத்தனை என்று எழுத வேண்டும். மேலே மேசை எண். அடுப்பில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு உட்காரலாம். சில கடையில் காசு முதலில், சில கடையில் கடைசியில். முன்னால் நிற்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் தெரிந்துவிடும். டிப்ஸ் கிடையாது. குச்சி, கரண்டி, மிளகாய் விழுது, கறுப்பு வினிகர் எல்லாம் நாமே எடுத்துக்கொள்வது. கூட்டமாக இருந்தால் முன்பின் தெரியாதவர் எதிரே வந்து உட்காருவார், அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை.

நான் வந்த புதிதில் சீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்து, வீட்டில் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஒரு கடையின் சீட்டு பழகிவிட்டால் மற்றக் கடையின் சீட்டில் பாதி புரியும். அதனால் பத்துக் கடை தேடி அலையாமல் முதல் மாதம் ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போங்கள்.

17 ஆகஸ்ட்

சீட்டில் எந்த எழுத்தைப் பார்ப்பது என்று தம்பி கேட்டான். நான்கு எழுத்தின் உருவம் சொல்கிறேன். இறைச்சி: மேலும் இரு பக்கமும் அடைத்த, கீழே திறந்த கூண்டு, அதற்குள் ஒருவர் மேல் ஒருவராக இரண்டு ஆள். மாடு: நட்ட கம்பு ஒன்று இரண்டு கிடைக்கோட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கும், இடது மேல் மூலையில் சின்னச் சாய்கோடு. பெரியது: கையையும் காலையும் விரித்து நிற்கும் ஆள். சின்னது: நடுவில் ஒரு கம்பு, இரு பக்கமும் ஒவ்வொரு சிறு கோடு. சின்னக் கிண்ணமே நமக்குப் போதும்.

20 ஆகஸ்ட்

12-ஆம் தேதி எழுதியதில் பெரிய தவறு இருக்கிறது.

தைவானின் தெற்கே காவ்ஷியுங் நகரில் இருக்கும் ஒருவர், "யாங்சுன் மியென்னில் பன்றிக் கொழுப்பு போடுவார்களே, கவனித்தீர்களா?" என்று எழுதியிருந்தார். என் கடையில் இருக்காது என்று நினைத்தேன். நேற்று ராத்திரி சீட்டைக் கொடுத்துவிட்டு மேசைக்குப் போகாமல் அடுப்புப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட அப்படி நின்று பார்த்ததில்லை.

அந்தம்மா காலிக் கிண்ணத்தை எடுத்தார். முதலில் ஒரு கரண்டி சோயாச் சாறு. பிறகு ஒரு டப்பாவைத் திறந்து, மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெய் மாதிரி வெள்ளையாக இருந்த எதையோ கரண்டி நுனியால் வழித்துப் போட்டார். அதன்மேல் பொன்னிறமாக வறுத்த சின்ன வெங்காயம். அப்புறம் கொதிக்கும் சூப்பை ஊற்றினார். வெள்ளைக் கட்டி ஒரு நொடியில் கரைந்து, மேலே சின்னச் சின்ன வட்டங்களாகப் பளபளத்தது. யாங்சுன் மியென் வாசனை என்று நான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

என்ன அது என்று கேட்டேன். 'ஜூயோ' என்றார். பன்றிக் கொழுப்பு. கேட்டதற்கு ஒளிக்காமல் சொன்னார், சமையலில் உப்பு போடுகிறோம் என்று சொல்வது மாதிரி. வெங்காயம் வறுத்ததும் அதிலேதான். சூப், பன்றி எலும்பு போட்டுக் கொதிக்கவைத்தது.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன். லூ தான் ஊறும் சாற்றில்தான் பன்றிக் காதும் இறைச்சியும் வேகின்றன. தோஃபுவும் கடல்பாசியும் அதே பானை. வேகவைத்த கீரையின் மேல் ஒரு கரண்டி கொத்துக்கறிச் சாறு ஊற்றுவது வழக்கம், வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள், ஆனால் அதற்குப் பதில் கொழுப்பும் வெங்காயமும் போடுவார்கள்.

ஆக, சைவம் என்று நான் சொன்ன பட்டியலில் ஒன்றுகூடச் சைவம் இல்லை. பார்த்துவிட்டு யாராவது போய்ச் சாப்பிட்டிருந்தால், என்னை மன்னியுங்கள்.

21 ஆகஸ்ட்

நேற்று எழுதாமல் விட்டதையும் எழுதிவிடுகிறேன்.

போன வருடக் கடைசியில் அம்மா மூன்று வாரம் என்னோடு வந்து இருந்தாள். எங்களுக்குச் சங்கரன்கோவில் பக்கம். நான் இங்கே வந்தபின் கோழியும் பன்றியும் சாப்பிடப் பழகிவிட்டேன், அது அம்மாவுக்கும் தெரியும். அவள் முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொட மாட்டாள். நான் ஆய்வகத்துக்குப் போய்விட்ட நாட்களில் அவளாகவே சமைத்துக்கொண்டாள். ராத்திரி அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். ஐந்தாறு தடவையாவது போயிருப்போம். ஒவ்வொரு தடவையும் யாங்சுன் மியென். முட்டை வேண்டாம் என்று சொல்லி வாங்கிக் கொடுத்தேன். "நம்ம இடியாப்பத்தை ரசத்துல போட்ட மாதிரி இருக்கு, வாசனையா இருக்கு" என்று சொல்லி முழுக் கிண்ணமும் சாப்பிட்டாள்.

அந்தம்மா என் அம்மாவை ஏமாற்றவில்லை. நான் அவரிடம் சொன்னது 'பூயாவ் ரோ'. இறைச்சி வேண்டாம். அவரும் இறைச்சி போடவில்லை. நம் ஊரில் "எனக்குக் கறி வேண்டாம், குழம்பு மட்டும் ஊத்துங்க" என்று ஒருவர் சொன்னால் அவரைச் சைவம் என்றா நினைப்போம்? அதையேதான் நான் சீனத்தில் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்ல வேண்டுமா என்று ராத்திரி முழுக்க யோசனை. தெரியாமலே இருந்துவிட்டால் அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று ஒரு மனசு. என் வாய்ச்சொல்லை நம்பித்தானே சாப்பிட்டாள் என்று இன்னொரு மனசு.

27 ஆகஸ்ட்

சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. குக்கர் விசில் மட்டும் கேட்டது. பிறகு, "அந்தம்மாவுக்கு நான் சைவம்னு தெரியுமாட்டி?" என்றாள்.

"தெரியாதும்மா. நான் சரியாச் சொல்லல."

"அப்ப அவ மேல ஒண்ணுமில்ல. சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டா."

வேறு எதுவும் சொல்லவில்லை. அன்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கோவிலுக்குப் போனாள் என்று தங்கை சொன்னாள்.

3 செப்டம்பர்

சரியான வார்த்தை இதுதான்: 'வோ ச்சி சூ'. நான் சைவம் சாப்பிடுகிறவன் என்று பொருள். 'சூ' என்ற அந்த ஒற்றைச் சொல் இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும், அதற்கு மரியாதையும் உண்டு. பௌத்தர்கள் நிறைய, யீகுவான்தாவ் சமயத்தார் நிறைய, அவர்களில் பலர் சைவம்.

நேற்று கடையில் சொல்லிப் பார்த்தேன். எனக்கில்லை, என் ஊரிலிருந்து ஒரு தம்பி வரப்போகிறான், அவன் 'சூ' என்றேன். அந்தம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார். முட்டை ஆகுமா? பால் ஆகுமா? பூண்டு, வெங்காயம் ஆகுமா? அப்படிக் கேட்கக் காரணம் இருக்கிறது. இங்கே பாக்கெட் உணவுகளில் சைவம் என்று எழுதினால் எந்த வகைச் சைவம் என்றும் எழுத வேண்டும் என்பது சட்டம். ஐந்து வகை: முழுச் சைவம், முட்டைச் சைவம், பால் சைவம், முட்டையும் பாலும் சேர்ந்தது, பூண்டு வெங்காயம் சேர்ந்தது. வெறும் 'சூ' என்று சொன்னால் பூண்டு வெங்காயமும் வேண்டாம் என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள்.

எல்லாம் கேட்டபின் அவர் சொன்னது: உள் அடுப்பில் தனிப் பாத்திரத்தில் நூடுல்ஸ் வேகவைத்து, எள் விழுதும் சோயாச் சாறும் போட்டுப் பிசைந்து கொடுக்கலாம். சூப்புக்குப் பதில் வெந்நீரில் கடல்பாசித் தாளும் உப்பும். முட்டை வேண்டுமானால் ஊறவைத்தது வேண்டாம், தாவர எண்ணெயில் பொரித்துத் தருகிறேன். ஆனால் எட்டு மணிக்குப் பிறகு வரச் சொல், அதற்கு முன் கூட்டம், தனியாக ஒன்று வைக்க எனக்குக் கை இல்லை.

எல்லாக் கடையிலும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். சூப்பே உயிராக இருக்கும் கடையில் "முடியாது" என்று நேராகச் சொல்லிவிடுவார்கள். அது கோபம் இல்லை, உள்ளதைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

10 செப்டம்பர்

சைவ நூடுல்ஸ் கடைகளைப் பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். இருக்கின்றன, தாராளமாகவே. பலகையில் நம் ஸ்வஸ்திகத்தைத் திருப்பிப் போட்டது போன்ற குறியும் 'சூ' எழுத்தும் இருக்கும். உள்ளே பெரும்பாலும் தோத்திரம் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். காளான் தண்டில் செய்த போலி மாட்டிறைச்சி போட்ட நூடுல்ஸ்கூடக் கிடைக்கும். பல கடை ஏழு ஏழரைக்கே சாத்திவிடுவார்கள், அதனால்தான் என் மாதிரி ஆட்களுக்கு உதவுவதில்லை. மத்தியானம் போங்கள்.

15 அக்டோபர்

நேற்று நம் ஊரில் மகாளய அமாவாசை. இங்கே இன்றுதான் சீன நாட்காட்டியில் ஒன்பதாம் மாதத்தின் முதல் நாள். ஒரே அமாவாசைதான், அது நிகழ்ந்த நேரம் நமக்கு நேற்று முன்னிரவு முடியும்போது, இவர்களுக்கு நள்ளிரவு தாண்டி.

கடைச் சுவரில் தினமும் கிழிக்கும் தாள் நாட்காட்டி ஒன்று தொங்கும். நம் வீட்டு நாட்காட்டியில் நல்ல நேரம், ராகு காலம் போட்டிருக்கிற மாதிரி அதிலும் இன்று எது செய்யலாம், எது கூடாது என்று போட்டிருக்கும். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இங்கே பலர் சைவம். நமக்கு அமாவாசையும் பௌர்ணமியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கார அம்மாவும் அப்படித்தான். நாள் முழுக்கப் பன்றி எலும்பு சூப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு, தனக்கு மட்டும் ஓரமாக வேறு சமைத்துச் சாப்பிடுவார். இத்தனை வருடம் இது என் கண்ணில் படவில்லை.

இன்று ஞாயிறு, நேரம் இருந்தது. அவருக்காகப் புளியோதரை செய்து எடுத்துப்போனேன். பூண்டு வெங்காயம் இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். மூடியைத் திறந்ததும் முகர்ந்து பார்த்து, இது என்ன வாசனை என்று கேட்டார். பெருங்காயம். அதன் சீனப் பெயரைத் தேடிக் கைப்பேசியில் காட்டினேன். 'ஷிங்சூ' என்று வாசித்தவர் கையை எடுத்துவிட்டார். பௌத்தர்கள் விலக்கும் ஐந்து காரப் பொருட்களில் வெங்காயம், பூண்டு வகைகளோடு பெருங்காயமும் ஒன்று! நாம் பூண்டு வெங்காயத்துக்குப் பதிலாகப் போடுவதே அதைத்தான். அந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கிறாரே தவிர, பொருளை இன்றுதான் முதல் தடவை பார்க்கிறாராம்.

டப்பாவை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தார். நாளைக்குச் சாப்பிடுகிறேன், நாளைக்கு எனக்கு எல்லாம் ஆகும் என்றார். அவர் கேட்டதால் தப்பித்தேன். கேட்காமல் சாப்பிட்டிருந்தால் அம்மா விஷயம்தான் திரும்ப நடந்திருக்கும்.

4 நவம்பர்

கோதுமை ஒத்துக்கொள்ளாது, அரிசி நூடுல்ஸ் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சின்ச்சுவே அதற்குப் பெயர்போன ஊர். இது காற்றூர். சீனக் கணக்கில் ஒன்பதாம் மாதம் தொடங்கியதும் வடகிழக்கிலிருந்து வறண்ட காற்று ஊளையிட ஆரம்பிக்கும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டிய அளவுக்கு இருக்கும். அந்தக் காற்றில் மூங்கில் தட்டிகளில் காயவைத்த அரிசிச் சேமியா இங்கே தலைமுறைத் தொழில். 'மிஃபென்' என்று பெயர். நகரக் காவல் தெய்வக் கோவிலைச் சுற்றி இருக்கும் கடைகளில் மிஃபென்னும் பன்றி உருண்டை சூப்பும்தான் ஊர்ச் சாப்பாடு.

ஆனால் பெயரை மட்டும் பார்த்து முழுக்க அரிசி என்று நம்பிவிட வேண்டாம். 2013-இல் ஒரு நுகர்வோர் அமைப்பு சோதித்தபோது, அரிசிச் சேமியா என்று விற்றதில் பெரும்பாலானவற்றில் சோள மாவுதான் அதிகம் என்று தெரிந்தது. அடுத்த வருடமே விதி வந்தது: முழுக்க அரிசி என்றால்தான் வெறும் மிஃபென் என்று எழுதலாம், பாதிக்குக் குறைந்தால் பெயரையே மாற்ற வேண்டும். சோள மாவு உங்களுக்கு ஆகும். ஆனால் சோயாச் சாற்றில் பெரும்பாலும் கோதுமை உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

25 நவம்பர்

இன்று ரசீதுக் குலுக்கல் நாள். இங்கே கடை ரசீது ஒவ்வொன்றும் அரசாங்க லாட்டரிச் சீட்டு, ஒற்றைப்படை மாதங்களில் 25-ஆம் தேதி குலுக்கல், பெரிய பரிசு ஒரு கோடி தைவான் டாலர். எனக்கு இரண்டு தடவை 200 விழுந்திருக்கிறது. நூடுல்ஸ் கடையில் ரசீது தரவில்லையே, ஏமாற்றுகிறார்களா என்று கேட்டவருக்கு: இல்லை. வருமானம் குறைந்த சின்னக் கடைகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு.

9 டிசம்பர்

மாட்டிறைச்சி நூடுல்ஸ் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டு மூன்று செய்தி வந்துவிட்டது. நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, அதனால் சுவையைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

'நியூரோ மியென்' இன்று தைவானின் அடையாளம். தலைநகர் தைபேயில் 2005-இலிருந்து அதற்கென்றே விழா எடுக்கிறார்கள். ஆனால் அது பழைய தைவான் உணவு இல்லை. இங்கிருந்த உழவர்கள் பெரும்பாலும் மாட்டைத் தின்றதில்லை. ஏர் உழுத மாட்டைத் தின்பது நன்றிகெட்ட செயல் என்று நினைத்தார்கள். இப்போதும் அறுபது எழுபது வயதுக்காரர்களில் மாடு தொடாதவர்கள் இருக்கிறார்கள். என் ஆய்வகத்தில் ஒரு மாணவியின் பாட்டி வீட்டில் அந்தச் சட்டியே தனி. தேர்வுக்கு முன் கல்வித் தெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு மாட்டிறைச்சியை விடும் பிள்ளைகளும் உண்டு. அதனால் 'வோ பூ ச்சி நியூரோ', நான் மாடு சாப்பிடுவதில்லை, என்று நீங்கள் சொன்னால் யாரும் வினோதமாகப் பார்க்க மாட்டார்கள். இது எனக்கு வந்த முதல் வருடமே பெரிய ஆறுதலாக இருந்தது.

1949-இல் சீனப் பெருநிலத்தில் போரில் தோற்ற கட்சியோடு பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கே வந்தார்கள், படைவீரர்களும் குடும்பங்களும். அவர்களுக்கென்று கட்டிய குடியிருப்புகளில் ஒவ்வொரு மாகாணச் சமையலும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் கலந்தது. சீனாவின் சிச்சுவான் மாகாணத்திலிருந்து வந்த விமானப் படைக் குடும்பங்கள் தைவானின் தெற்கே காங்ஷான் என்ற ஊரில் குடியேறின. அங்கே குடியேறியவர்கள் தங்கள் ஊர் மிளகாய்-அவரை விழுதை இங்கே செய்யத் தொடங்கினார்கள். அந்த விழுதில்தான் சிவந்த மாட்டிறைச்சி நூடுல்ஸ் பிறந்தது என்பது வரலாற்றாசிரியர் லூ யாவ்-துங் சொன்ன கருத்து. பலகையில் சிச்சுவான் நூடுல்ஸ் என்று எழுதியிருக்கும், ஆனால் அந்த வடிவில் அது சிச்சுவானில் இருந்ததில்லை. 1965 வரை வந்த அமெரிக்க உதவியில் கோதுமையும் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. அரிசி தின்ற தீவு நூடுல்ஸுக்குப் பழகியதில் அந்தக் கோதுமைக்கும் பங்கு உண்டு. ஊரை விட்டு வந்தவர்கள் கிடைத்ததை வைத்து ஊரின் ருசியைத் தேடிச் சமைத்த கிண்ணம் அது. இங்கே சாம்பார் பொடி தீர்ந்துபோன நாட்களில் அதை நினைத்துக்கொள்வேன்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'நியூரோ தாங் மியென்' என்று ஒரு வரி பாதி விலையில் இருக்கும். துண்டு இல்லாமல் சூப்பும் நூடுல்ஸும் மட்டும். பார்த்தால் வெறும் நூடுல்ஸ் போலத்தான் இருக்கும். அந்தச் சூப் மாட்டைப் போட்டு மணிக்கணக்கில் கொதித்தது. 17 ஆகஸ்ட் குறிப்பில் சொன்ன மாடு எழுத்தைக் கண்டால் அந்த வரியை விட்டுவிடுங்கள்.

6 ஜனவரி 2024

சின்ன விஷயம்தான், எனக்குப் பிடித்தது. பழைய கடைகளில் ஒரு நூடுல்ஸின் பெயரை 'வெட்டு' என்று பொருள்படும் எழுத்தில் எழுதியிருப்பார்கள். எதையும் வெட்டுவதில்லையே என்று ரொம்ப நாள் சந்தேகம். இங்கே பலர் வீட்டில் பேசும் ஹொக்கியன் மொழியில் அது 'சிக்'. நீளக் கைப்பிடி வைத்த மூங்கில் கூடையில் நூடுல்ஸைப் போட்டு, கொதிநீரில் முக்கி மேலும் கீழும் குலுக்குவதற்குப் பெயர் சிக். எழுதக் கடினமான எழுத்து என்பதால் ஓசை ஒத்த 'வெட்டு' எழுத்தைப் போட்டுவிட்டார்கள். கடைக்காரர் மூன்று குலுக்கு குலுக்குவார், கடைசிக் குலுக்கில் தண்ணீர் சொட்டு நிற்க வேண்டும். இப்போது கண் மூடிக்கொண்டு கேட்டாலும் என் கிண்ணம் எப்போது வரும் என்று தெரிகிறது.

பார்சல் கேட்டால் 'வாய்தாய்' என்று சொல்லுங்கள். நூடுல்ஸ் ஒரு பையில், கொதிக்கும் சூப் இன்னொரு பிளாஸ்டிக் பையில், வாய் சுருட்டி ரப்பர் வளையம். நம் ஊரில் சாம்பார் கட்டித் தருவது அப்படியே. முதல் தடவை அந்தப் பையைக் கையில் வாங்கியபோது சங்கரன்கோவில் ஹோட்டல் வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது.

7 பிப்ரவரி

சீனப் புத்தாண்டு 10-ஆம் தேதி. நாளை முதல் ஒரு வாரம் கடை சாத்துகிறார்கள், சிவப்புத் தாளில் எழுதி ஒட்டியாயிற்று. ஊரில் பாதிக் கடை இப்படித்தான் இருக்கும். தம்பி இந்த வாரம் வந்து இறங்கினால் அரிசி, பருப்பு கையோடு கொண்டுவரட்டும்.

24 பிப்ரவரி

தம்பி வந்துவிட்டான். இன்று இங்கே விளக்குத் திருவிழா, முதல் மாதத்துப் பௌர்ணமி. நம் ஊரில் மாசி மகம். எட்டரைக்குக் கடைக்குக் கூட்டிப்போனேன். நான் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டான். பென்சிலை எடுத்து மேசை எண்ணை எழுதி, வேறு எதையும் நிரப்பாமல் சீட்டை நேராக அந்தம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "வோ ச்சி சூ" என்றான். முட்டை ஆகும், பூண்டு ஆகும் என்பதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தான்.

அந்தம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள் அடுப்பைப் பற்றவைத்தார். பௌர்ணமி என்பதால் அவருக்கும் இன்று அதே பாத்திரம். இரண்டு கிண்ணம் பிசைந்தார். அவருடையதில் முட்டையும் பூண்டும் இல்லை. கூட்டம் குறைந்திருந்ததால் எங்கள் மேசையிலேயே வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். எள் விழுது அடியில் தங்கியிருக்கும், சூடு ஆறுவதற்குள் அடியிலிருந்து புரட்டிப் புரட்டிப் பிசைய வேண்டும், இல்லாவிட்டால் கட்டிக்கொள்ளும். தம்பி குச்சியோடு திணறுவதைப் பார்த்து, கிண்ணத்தை வாங்கி அவரே பிசைந்து கொடுத்தார்.

16 மார்ச்

அம்மா மே மாதம் மறுபடி வருகிறாள். டிக்கெட் போட்டாயிற்று. அந்தக் கடைக்கு வருவாளா என்று கேட்கத் தயங்கிக்கொண்டே இருந்தேன். "அந்த எள்ளு போட்டது ஒண்ணு சொன்னியே, அத வாங்கித் தா" என்று அவளே சொன்னாள்.

நேற்று கடையில் சொன்னேன். என் அம்மா வருகிறாள், அவள் 'சூ', முட்டையும் இல்லை, பால் ஆகும், பூண்டு வெங்காயம் ஆகும். போன தடவை நான் சரியாகச் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். அந்தம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. அந்தப் பாட்டிக்கா கொடுத்தேன் என்று இரண்டு தடவை கேட்டார். எந்தத் தேதி வருகிறார் என்று கேட்டுவிட்டு, நாட்காட்டித் தாள்களைத் தள்ளித் தள்ளிப் போய், மே 11-ஐக் கண்டுபிடித்து அதன் மூலையை மடித்து வைத்தார்.

18 மார்ச்

யாங்சுன் மியென் இப்போது 50 டாலர். பழைய விலை மேல் தாள் ஒட்டிவிட்டார்கள். எள் நூடுல்ஸ் 60. மேலே 45 என்று எழுதியிருப்பதை மாற்றிப் படியுங்கள்.